வாடகைக்கு விட வீடு வாங்கறீங்களா? பெயிண்ட்ட விடுங்க, தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க

வாடகைக்கு விடறதுக்குன்னு வீடோ கட்டடமோ வாங்கறவங்க ரெண்டு கணக்க தெளிவா போட்டுடுவாங்க, எவ்ளோக்கு வாங்கறோம், மாசம் எவ்ளோ வாடகை வரும்னு. மூணாவதா ஒரு கணக்கு இருக்கு, அந்த கட்டடம் வருஷா வருஷம் நம்மகிட்ட இருந்து எவ்ளோ திருப்பி பிடுங்கும்னு, அத பெரும்பாலும் யாரும் போடறதில்ல, போட்டாலும் "ஏதோ சின்ன சின்ன ரிப்பேர் வரும் பாத்துக்கலாம்"னு ஒரு குத்துமதிப்பு தான். என்ன கேட்டா லாபம் கரையறது அங்க தான். கட்டடத்த பாக்கறதுல ரெண்டே விஷயம் பிடிபட்டா போதும். ஒண்ணு, தண்ணி எங்க வருது எங்க போகுது. ரெண்டு, ஒவ்வொரு சாமானுக்கும் இன்னும் எத்தன வருஷம் ஆயுசு மிச்சம் இருக்கு. விரிசல், கரையான், ஷாக் அடிக்கறது, குடியிருக்கறவங்க காலி பண்றதுன்னு நீங்க கேள்விப்படற முக்கால்வாசி தலவலி இந்த ரெண்டுல ஒண்ணுல போய் தான் முடியும்.

பாக்க போறப்ப

முடிஞ்சா மழை பெய்யறப்ப போங்க, இல்லன்னா மழை விட்டதுக்கு மறுநாள். புரோக்கர் நல்ல வெயில்ல, ஜன்னல் எல்லாம் திறந்து வச்சு, லைட் எல்லாம் போட்டு தான் காட்டுவாரு, அது அவர் தொழில், தப்பு சொல்ல முடியாது. நீங்க இன்னொரு தடவ தனியா டைம் கேட்டு போங்க. கைல ஒரு நல்ல டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பிளக் பாயின்ட்டுல சொருகி எர்த் இருக்கான்னு பாக்கற டெஸ்டர், போன் சார்ஜ் ஃபுல்லா, இவ்ளோ தான் வேணும். டார்ச்ச சுவத்துக்கு நேரா அடிக்காதீங்க, சுவத்த ஒட்டி பக்கவாட்டுல அடிங்க, பட்டி பூசி மறைச்ச மேடு பள்ளம் எல்லாம் அப்ப தான் நிழலா தெரியும்.

உள்ள நுழைஞ்சதும் முதல்ல மூக்குக்கு வேலை குடுங்க. பூட்டி வச்சிருந்த அலமாரிய திறந்து, சிங்க் அடியில தலைய விட்டு பாருங்க, புழுங்கின வாசன வந்தா அங்க ஈரம் இருக்கு. வீடு பூரா ரூம் ஃப்ரெஷ்னர் வாசன அடிச்சா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும். மத்த சுவரெல்லாம் பழசா இருக்கறப்ப ஒரே ஒரு சுவரு மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கு, ஒரே ஒரு ரூம்ல மட்டும் ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கு, இல்ல பெரிய பீரோ ஒண்ணு சம்பந்தமே இல்லாத எடத்துல நிக்குதுன்னா, அத நகத்த சொல்லி கேக்கறதுல கூச்சமே பட வேண்டாம்.

தண்ணி

மேல இருந்து ஆரம்பிங்க, மொட்டை மாடியா இருந்தா அங்க ஏறி நின்னு வாட்டம் எந்த பக்கம்னு பாருங்க. தளத்துக்கு சரியான வாட்டம் குடுத்திருந்தா தண்ணி அவுட்லெட்ட நோக்கி ஓடிடும், குடுக்கலன்னா அங்கங்க குளம் கட்டி நின்னு காய்ஞ்ச அடையாளம், பாசி பிடிச்ச வட்டம், மண்ணு படிஞ்ச கோடு இதெல்லாம் இருக்கும். மழை நின்னு 48 மணி நேரம் ஆகியும் தண்ணி நிக்குதுன்னா அந்த தளத்த ரிப்பேர் செலவு கணக்குல சேத்துக்கங்க. அடுத்தது கைப்பிடிச்சுவரும் தளமும் சேர்ற மூலை, பைப்பு தளத்த துளைச்சிட்டு கீழ எறங்கற எடம், டேங்க் உக்காந்திருக்கற அடி, லீக் எப்பவும் இந்த மாதிரி சேருமானத்துல தான் ஆரம்பிக்கும், நடு தளத்துல ஆரம்பிக்கறது கம்மி. சரிவு கூரையா இருந்தாலும் இதே கதை தான், ரெண்டு சரிவு சந்திக்கற பள்ளம், கூரை சுவத்துல போய் முட்டற எடம், புகைபோக்கிய சுத்தி இருக்கற தகடு, இந்த மூணயும் பாத்துட்டு தான் கூரை ஓடுங்கள பாக்கணும்.

அப்புறம் கீழ வாங்க. மழைத்தண்ணி பைப்பு எங்க வந்து முடியுதுன்னு பாருங்க, நெறைய கட்டடத்துல அது நேரா அஸ்திவாரத்து மேலயே கொட்டிக்கிட்டு இருக்கும், பல வருஷமா. கட்டடத்த சுத்தி இருக்கற தரை வெளிப்பக்கமா சரிஞ்சு இருக்கணும், முதல் 10 அடிக்குள்ள 6 இன்ச் எறக்கம் இருக்கணும்னு அமெரிக்க வீட்டு கட்டட விதிகள்லயே சொல்றாங்க. உள்பக்கமா சரிஞ்சிருந்தா ஒவ்வொரு மழையும் அஸ்திவாரத்துக்கு தான் போகுது. இத சரி பண்றது பெரும்பாலும் சீப், மண்ணு போட்டு வாட்டம் மாத்தி, பைப்ப நீட்டி விட்டா போதும், ஆனா பண்ணாம விட்டதுனால வர செலவு சீப் இல்ல. தெரு மட்டம் வீட்டு தரை மட்டத்த விட ஒசரமா இருக்கான்னும் பாருங்க, ஒவ்வொரு தடவ ரோடு போடறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா ஏறிடும். பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட "பெரிய மழைக்கு இங்க தண்ணி எது வரைக்கும் வந்துச்சு"ன்னு ஒரு வார்த்த கேட்டுடுங்க, விக்கறவர விட அவங்க உண்மைய சொல்வாங்க.

சுவத்துல ஈரம் இருக்குன்னு கண்டுபிடிக்கறது ஈசி, எந்த ஈரம்னு கண்டுபிடிக்கறது தான் மேட்டர், ஏன்னா மூணு வகை இருக்கு, மூணுக்கும் வைத்தியம் வேற. தரைல இருந்து மேல ஏறற ஓதம், இது பொதுவா தரைல இருந்து ஒரு மீட்டர் ஒசரத்துக்குள்ள நின்னுடும், மேல் ஓரத்துல வெள்ளையா உப்பு பூத்து பூச்சு பொடிப்பொடியா உதிரும். ரெண்டாவது வெளியில இருந்தோ பைப்புல இருந்தோ உள்ள வர கசிவு, இது எந்த ஒசரத்துலயும் வரும், திட்டு திட்டா இருக்கும், மழைக்கு அப்புறமோ மேல் வீட்டுக்காரங்க குளிச்சதுக்கு அப்புறமோ பெருசாகும். மூணாவது காத்துல இருக்கற ஈரம் குளிர்ச்சியான சுவத்துல படிஞ்சு கறுப்பு கறுப்பா பூஞ்சை பிடிக்கறது, இது மூலைலயும் பீரோவுக்கு பின்னாடியும் எக்ஸாஸ்ட் இல்லாத பாத்ரூம்லயும் வரும். குழப்பமா இருந்தா ஒரு சின்ன டெஸ்ட் பண்ணலாம், ஒரு துண்டு பிளாஸ்டிக் ஷீட்டயோ அலுமினிய தாளயோ சுவத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிட்டு ஒண்ணு ரெண்டு நாள் விடுங்க, ஷீட்டுக்கு வெளிப்பக்கம் வேர்த்திருந்தா காத்து ஈரம், எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு ஜன்னல் திறந்தா தீரும், ஷீட்டுக்கு உள்பக்கம் வேர்த்திருந்தா சுவத்துக்குள்ள தண்ணி இருக்கு, பேரம் பேசறப்ப அத பேசியே ஆகணும். இதெதுவும் பாக்காம ஈரமான சுவத்துல வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கறது காய்ச்சல்காரனுக்கு பவுடர் போட்டு விடற மாதிரி, ரெண்டு மூணு மாசத்துல கொப்புளம் கொப்புளமா கெளம்பி வந்துடும்.

பாத்ரூம பத்தி தனியா சொல்லணும். வாடகை வீட்டுல செலவு வைக்கறதுல முதல் எடம் பாத்ரூமுக்கு தான். டைல்ஸ்ஸ விரல் முட்டியால தட்டிக்கிட்டே போங்க, பொத்துன்னு சத்தம் மாறற எடத்துல அடியில காலி. டைல்ஸ்க்கு நடுவுல இடுக்கு அடைக்கற கிரவுட் உதிர்ந்து போயிருக்கா, தரை வாட்டம் டிரெயின் பக்கம் இருக்கா, எல்லாத்துக்கும் மேல, அந்த பாத்ரூமோட பின்பக்க சுவரும் அதுக்கு நேர் கீழ இருக்கற சீலிங்கும் எப்படி இருக்குன்னு பாருங்க. பாத்ரூம்குள்ள நின்னு பாத்தா எல்லாம் பளிச்சுன்னு தான் இருக்கும், பின்பக்க பெட்ரூம் சுவரு தான் சாட்சி சொல்லும்.

விரிசல பாத்து பயப்படாதீங்க, அளந்து பாருங்க

விரிசல் இல்லாத கட்டடம் கிடையாது. ஒரு மில்லிமீட்டருக்கு கீழ, தலைமுடி மாதிரி கோடு கோடா இருக்கறது பூச்சு காய்ஞ்சதுல வந்தது, பெயிண்ட் அடிக்கறப்ப போயிடும். கான்கிரீட் பீமும் செங்கல் சுவரும் சேர்ற கோட்ல நேரா ஒரு விரிசல் ஓடுதுன்னா, ரெண்டும் வெயிலுக்கு வேற வேற அளவுல விரிஞ்சு சுருங்கறதுனால வருது, வலை வச்சு பூசினா அடங்கும். பிரிட்டன்ல பில்டிங் ரிசர்ச் எஸ்டாப்ளிஷ்மென்ட் ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க, 5 மில்லிமீட்டர் வரைக்கும் இருந்தா அது பெரும்பாலும் அழகு சம்பந்தப்பட்ட பிரச்சனை, 5ல இருந்து 15 வரைக்கும் போனா கதவு ஜன்னல் மாட்ட ஆரம்பிக்கும், கொத்தனார் வேலை இருக்கு, 15க்கு மேல போனா சீரியஸ், 25ஐ தாண்டினா கட்டடமே ஸ்டெடியா நிக்குமான்னு யோசிக்கணும்.

ஆனா அகலத்த மட்டும் பாக்காதீங்க, எந்த பக்கம் ஓடுதுன்னும் பாருங்க. செங்கல் சுவத்துல படிக்கட்டு மாதிரி ஏறி ஏறி போறது, ஜன்னல் மூலைல இருந்து சாய்வா கெளம்பறது, மேல அகலமாவும் கீழ ஒடுக்கமாவும் இருக்கறது, உள்ளயும் வெளியயும் அதே எடத்துல தெரியறது, இதெல்லாம் அஸ்திவாரம் ஒரு பக்கமா எறங்குதுன்னு காட்டற அறிகுறி. கூடவே கதவு பிரேம் கோணலாகி கதவு தரைல உரசுதுன்னா சந்தேகம் ஏறிடுது. களிமண் தரைன்னா வெயில்ல சுருங்கி மழைல உப்பி இந்த வேலைய பண்ணும், பக்கத்துல பெரிய மரம் இருந்தா இன்னும் ஜாஸ்தி. வாங்கிட்டீங்க, விரிசல் வளருதான்னு தெரியணும்னா, விரிசலோட ரெண்டு முனைலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி, பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்துக்கங்க, மாசம் ஒரு தடவ அதே மாதிரி எடுங்க. வளராத விரிசல் பெருசா இருந்தாலும் பெரும்பாலும் பழைய காயம் தான், வளர்ற விரிசல் சின்னதா இருந்தாலும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூட்டிட்டு வரணும். கொத்தனார இல்ல, இன்ஜினியர.

கான்கிரீட் சீலிங்ல இருந்து துண்டு துண்டா பெயர்ந்து விழுந்து உள்ள கம்பி துரு பிடிச்சு தெரியுதா, இது கொஞ்சம் வெவரமா சொல்ல வேண்டிய விஷயம். புது கான்கிரீட்டோட காரத்தன்மை ரொம்ப அதிகம், பிஹெச் 12, 13 இருக்கும், அந்த காரத்துல கம்பிக்கு துரு பிடிக்காது. வருஷக்கணக்குல காத்துல இருக்கற கார்பன் டையாக்சைடு உள்ள போய் போய் அத 9க்கு கீழ எறக்கிடும், அப்புறம் கொஞ்சம் ஈரம் பட்டா போதும், துரு ஆரம்பிச்சுடும். கடலோரமா இருந்தா உப்பு இந்த வேலைய இன்னும் சீக்கிரம் முடிச்சுடும். துரு, இரும்பு இருந்த எடத்த விட ரெண்டுல இருந்து ஆறு மடங்கு எடம் கேக்கும், எடம் இல்லாததுனால கான்கிரீட்ட உடைச்சுக்கிட்டு வெளிய வருது. அதனால மேலோட்டமா சிமெண்ட் பூசி மூடறவங்கள நம்பாதீங்க, பெயர்ந்தத எல்லாம் தட்டி எடுத்து, கம்பிய சுத்தி சுத்தம் பண்ணி, துரு தடுக்கற கோட்டிங் குடுத்து, அப்புறம் ரிப்பேர் மார்ட்டர் வைக்கணும், அந்த ஈரம் எங்கேந்து வந்துச்சோ அதயும் அடைக்கணும். சன்ஷேட் ஒண்ணுல இருந்தா சரி பண்ணிக்கலாம், பால்கனி, பீம், தூண்னு எல்லா எடத்துலயும் இருந்தா விலைய கொறைக்கறத பத்தி பேசாதீங்க, வேற எடம் பாருங்க.

பைப்பும் வயரும்

எல்லா குழாயயும் மூடிட்டு தண்ணி மீட்டர் இருந்தா அத கொஞ்ச நேரம் பாருங்க, முள்ளு நகந்தா எங்கயோ லீக். மீட்டர் இல்லன்னா டேங்க்குக்கு தண்ணி ஏறற வால்வ மூடிட்டு, மட்டத்துல கோடு போட்டு, ராத்திரி பூரா விட்டு காலைல பாக்கலாம். ஃப்ளஷ் டேங்க்ல கொஞ்சம் கலர் கரைச்சு ஊத்திட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சு பாருங்க, ஃப்ளஷ் பண்ணாமலே கீழ கலர் எறங்கி இருந்தா உள்ள இருக்கற வாஷர் போச்சு. சொட்டறது தானேன்னு விடாதீங்க, செகண்டுக்கு ஒரு சொட்டு விழற குழாய் வருஷத்துக்கு 11,000 லிட்டருக்கு மேல வீணாக்கும். அப்புறம் ஒரே நேரத்துல எல்லா குழாயயும் திறந்து விட்டு, டாய்லெட்டயும் ஃப்ளஷ் பண்ணுங்க, பிரஷர் விழுதா, எந்த டிரெயின்ல தண்ணி தேங்குது, எதுல கொப்புளிச்சு மேல வருதுன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். எல்லா டிரெயினும் மெதுவா போனா பிரச்சனை மெயின் லைன்ல, மரத்து வேரு உள்ள பூந்திருக்கலாம், பழைய கட்டடமா இருந்தா கேமரா விட்டு பாக்கற ஆள கூப்பிடுங்க, அதுக்கு ஆகற செலவு தோண்டற செலவுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

பைப்பு என்ன மெட்டீரியல்னு கேளுங்க. ஜிஐ பைப்பு, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு பைப்பு, வெளிய நல்லா இருக்கறப்பவே உள்ள துரு அடைச்சு ஓட்ட சின்னதாகிட்டே வரும், காலைல முதல் தண்ணி செம்மண் கலர்ல வந்தா அது தான். அதுல பாதிய மாத்திட்டு காப்பர் பைப்ப நேரடியா ஜாயின்ட் பண்ணி இருந்தா அந்த ஜாயின்ட்ல ஜிஐ இன்னும் வேகமா அரிக்கும்.

கரண்ட்டு விஷயத்துல நான் சமரசமே பண்ண மாட்டேன், ஏன்னா இதுல பணம் போறதோட நிக்காது. எல்லா பாயின்ட்லயும் எர்த் இருக்கான்னு டெஸ்டர் வச்சு பாருங்க, மூணு ஓட்ட இருக்கற பிளக் பாயின்ட்ல மூணாவது ஓட்ட சும்மா அழகுக்கு இருக்கற வீடு நெறைய. கரண்ட் லீக்கேஜ் வந்தா கட் பண்ற ஆர்சிசிபி, ஆளுங்க பாதுகாப்புக்கு 30 மில்லிஆம்ப் தான் இருக்கணும், அதுல டெஸ்ட் பட்டன் இருக்கும், அமுக்கினா விழணும், விழலன்னா அது சும்மா டப்பா. இன்னொண்ணு, வயரு கனத்துக்கு மீறின எம்சிபி, அதாவது லோடு மீறினா தானா விழற சுவிட்ச், போட்டிருக்காங்களான்னு எலெக்ட்ரீஷியன பாக்க சொல்லுங்க. அடிக்கடி டிரிப் ஆகுதுன்னு யாராவது பெரிய ஆம்ப்ஸ் மாட்டி விட்டுட்டு போயிருப்பாங்க, அப்ப எம்சிபி விழாது, வயரு தான் எரியும். கொஞ்ச நேரம் லோடு போட்டுட்டு ஸ்விட்ச் போர்டு மேல கைய வச்சு பாருங்க, சூடு இருக்கா, பழுப்பு கறை இருக்கா. பழைய அலுமினிய வயரிங்ல ஜாயின்ட் லூசாகி சூடாகற பழக்கம் உண்டு, எலெக்ட்ரீஷியன கேளுங்க. வாங்கின உடனே, ஆள் குடி வரதுக்கு முன்னாடி, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன வச்சு முழுசா செக் பண்ணி எழுத்துல வாங்கி வச்சுக்கங்க.

மத்தது சுருக்கமா. கரையான் பென்சில் தடிமனுக்கு மண்ணு கோடு போட்டுக்கிட்டு ஏறும், கதவு நிலை அடியிலயும் அலமாரி பின்னாடியும் பாத்து ஸ்க்ரூ டிரைவரால குத்துங்க, உள்ள எறங்கிச்சுன்னா உளுத்துப் போச்சு. பழைய கூரை ஷீட்டு, பைப்ப சுத்தி சூடு போகாம சுத்தற உறை இதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதோட தூசு நுரையீரலுக்கு ஆபத்து, பிரிட்டன்ல 1999ல முழுசா தடை பண்ணாங்க, சில நாடுகள்ல இன்னும் விக்குது. முழுசா இருக்கற வரைக்கும் கிட்ட போகாம விட்டா ஆபத்து கம்மி, ட்ரில் போடறது, அறுக்கறது, உடைக்கறது தான் வெனை. அதே மாதிரி பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அமெரிக்கால வீட்டு பெயிண்ட்டுக்கு 1978ல தான் தடை வந்துச்சு, குழந்தைங்க இருக்கற வீட்டுல அத காய்ஞ்ச சாண்ட்பேப்பர் போட்டு தேய்க்க விடாதீங்க.

அபார்ட்மெண்ட்டா இருந்தா உங்க நாலு சுவத்துக்குள்ள பாத்தா போதாது. லிஃப்ட் எத்தன வருஷம் ஆச்சு, மெயின்டனன்ஸ் காண்ட்ராக்ட் ஓடுதா, மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங் எப்ப பண்ணாங்க, அசோசியேஷன் கைல சேமிப்பு எவ்ளோ இருக்குன்னு கேளுங்க. மீட்டிங் குறிப்பு நோட்ட ரெண்டு மூணு வருஷத்துக்கு வாங்கி படிங்க. மூணு மீட்டிங்கா அதே லீக்க பத்தி பேசி ஒத்திப்போட்டிருந்தா, அந்த செலவ புதுசா வர நீங்களும் சேந்து குடுக்க போறீங்கன்னு அர்த்தம்.

ஆயுசு கணக்கு

வீட்டு மதிப்புல வருஷத்துக்கு 1 சதவீதம் மெயின்டனன்ஸ்க்கு ஒதுக்குன்னு ஒரு ரூல் சொல்வாங்க. எனக்கு அதுல பெருசா நம்பிக்க இல்ல, ஏன்னா அந்த மதிப்புல நெலத்தோட விலையும் சேந்து இருக்கு, நெலத்துக்கு ரிப்பேர் வராது. நெலம் காஸ்ட்லியான எடத்துல இருக்கற புது வீட்டுக்கு 1 சதவீதம் ரொம்ப ஜாஸ்தி, நெலம் சீப்பான எடத்துல இருக்கற அரதப்பழசு கட்டடத்துக்கு அது பத்தவே பத்தாது.

அதுக்கு பதிலா ஒரு பேப்பர் எடுத்து பெரிய செலவு வைக்கற ஐட்டத்த மட்டும் எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மிச்ச ஆயுசு, அதுக்கு பக்கத்துல மாத்த ஆகற செலவு. செலவ ரூபாயா எழுதாம "எத்தன மாச வாடகை"ன்னு எழுதி பாருங்க, சட்டுன்னு உறைக்கும். டேங்க் வச்ச கீசர் பொதுவா 8ல இருந்து 12 வருஷம், ஏசி 10ல இருந்து 15, வெளி பெயிண்ட் அஞ்சாறு வருஷம், மொட்டை மாடி கோட்டிங் என்ன போட்டிருக்காங்கன்றத பொறுத்து 5ல இருந்து 10, தண்ணி எப்படி, வெயில் எப்படி, பராமரிப்பு எப்படின்றத வச்சு முன்ன பின்ன ஆகும். உதாரணத்துக்கு, தளம் வாட்டர்ப்ரூஃபிங் பண்ண 6 மாச வாடகை ஆகும், இன்னும் 3 வருஷம் தாங்கும்னு வச்சுக்கங்க, அப்ப வருஷத்துக்கு 2 மாச வாடகை அதுக்கே போயாச்சு. ரீவயரிங்க்கு 10 மாச வாடகை, 5 வருஷம் தாங்கும்னா வருஷத்துக்கு இன்னொரு 2 மாசம். ரெண்டே ஐட்டத்துக்கு 12ல 4 மாசம் காலி, இதுல இன்னும் வீடு சும்மா கெடக்கற மாசமும் வரியும் சேக்கல. இப்ப அந்த வீட்டோட உண்மையான வருமானம் என்னன்னு உங்களுக்கே தெரியும்.

இந்த பேப்பர் தான் பேரத்துக்கும் ஆயுதம். "வீடு பழசா இருக்கு கொறைச்சு குடுங்க"ன்னா யாரும் கொறைக்க மாட்டாங்க, "தளம் மூணு வருஷம் தான் தாங்கும், இதோ போட்டோ, இதோ ரெண்டு ஆள்கிட்ட வாங்கின கொட்டேஷன்"னு வச்சா பேச்சு வேற மாதிரி போகும். சில சமயம் பாக்க அசிங்கமா, பெயிண்ட் உரிஞ்சு, டைல்ஸ் பழசா இருக்கற வீடு, பைப்பும் வயரும் தளமும் நல்லா இருந்து மலிவா மாட்டும், எனக்கு புடிச்சது அந்த மாதிரி வீடு தான். பளபளன்னு புதுசா மாடுலர் கிச்சன் போட்டு உள்ள பழைய ஜிஐ பைப்ப அப்படியே விட்ட வீட்ட விட அது எவ்ளவோ மேல்.

வாங்கினதுக்கு அப்புறம்

வருஷத்துக்கு ரெண்டு ரவுண்டு போதும், மழைக்காலத்துக்கு முன்னாடி ஒண்ணு, முடிஞ்சதும் ஒண்ணு. முன்னாடி போறப்ப தளத்து அவுட்லெட்ல அடைஞ்ச எலைய எடுக்கறது, மழைத்தண்ணி பைப்புல ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி பாக்கறது, ஜன்னல சுத்தி சீலன்ட் விட்டிருக்கான்னு பாக்கறது. இந்த அவுட்லெட் அடைப்பு ஒண்ணு போதும், ஒரு பிடி எல, கீழ் வீட்டு சீலிங் மொத்தமும் போயிடும். மழை முடிஞ்சதும் புதுசா கறை எங்க வந்திருக்குன்னு பாத்து பழைய போட்டோவோட ஒப்பிட்டு பாருங்க. கீசர்ல டேங்க்குக்கு பதிலா தான் அரிச்சு கரையற ஆனோடு ராடுன்னு ஒரு கம்பி இருக்கும், அத ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ பாத்து மாத்தினா டேங்க் ஓட்ட ஆகறது தள்ளிப்போகும், ஏசி ஃபில்டர் கழுவறதயும் டிரெயின் பைப்பு அடைப்பு எடுக்கறதயும் யார் பண்ணணும்னு அக்ரிமெண்ட்லயே எழுதிடுங்க. ஸ்மோக் அலாரம் இருந்தா மாசம் ஒரு தடவ டெஸ்ட், 10 வருஷம் ஆனா யூனிட்டயே மாத்திடணும், பேட்டரி மாத்தினா பத்தாது.

குடியிருக்கறவங்க பெரும்பாலும் சின்ன லீக்க சொல்ல மாட்டாங்க, ஒண்ணு ஓனர் திட்டுவாரு, வாடகைய ஏத்திடுவாருன்ற பயம், இல்ல நம்ம வீடா என்னன்ற அலட்சியம். உங்களுக்கு அந்த மௌனம் தான் காஸ்ட்லி. அதனால முதல் நாளே சொல்லிடுங்க, தண்ணி கரண்ட் சம்பந்தமா எது வந்தாலும் ஒரு போட்டோ எடுத்து மெசேஜ் பண்ணுங்க, உங்க மேல பழி வராதுன்னு, அப்புறம் சொன்னா சொன்ன மாதிரி ரெண்டு நாளுக்குள்ள ஆள அனுப்புங்க. ஈரமான சாமான 24ல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள காய வைக்கலன்னா பூஞ்சை ஆரம்பிச்சுடும், அதனால "அடுத்த வாரம் பாக்கலாம்"ன்றது இதுல செல்லாது. முதல் தடவ கூப்பிட்டப்ப நீங்க ரெஸ்பான்ஸ் பண்ணலன்னா ரெண்டாவது தடவ அவங்க கூப்பிட மாட்டாங்க. உள்ள போய் பாக்கணும்னா முன்கூட்டியே சொல்லிட்டு போங்க, எவ்ளோ நேரம் முன்னாடி சொல்லணும்னு உங்க எடத்து சட்டத்த பாத்துக்கங்க, சாவி இருக்குன்னு திடீர்னு போய் நிக்கறது மரியாதையும் இல்ல, பல எடத்துல சட்டப்படி தப்பும் கூட.

வீடு ரெண்டு மூணு மாசம் சும்மா கெடந்தா அதுவும் கெட்டுப்போகும். டிரெயின் வளைவுல நிக்கற தண்ணி வத்திட்டா சாக்கடை நாத்தமும் பூச்சியும் அது வழியா தான் உள்ள வரும், அதனால ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ யாராவது போய் எல்லா டிரெயின்லயும் தண்ணி ஊத்தி, குழாய் எல்லாத்தயும் கொஞ்ச நேரம் ஓட விட்டு, ஜன்னல் திறந்து வச்சுட்டு வரணும். புது ஆள் வரதுக்கு முன்னாடி பைப்புல தேங்கி நின்ன தண்ணிய முழுசா ஓட விட்டுடுங்க, டேங்க கழுவிடுங்க, தேங்கின வெதுவெதுப்பான தண்ணில லீஜியோனெல்லான்னு ஒரு பாக்டீரியா வளரும், ஷவர் சாரல்ல மூச்சு வழியா நுரையீரலுக்கு போயிடும்.

வேலை குடுக்கறப்ப

ரிப்பேர் ஆள்கிட்ட "இத சரி பண்ணுங்க"ன்னு சொல்லாதீங்க, "இது ஏன் வருதுன்னு முதல்ல சொல்லுங்க"ன்னு கேளுங்க. காரணம் சொல்ல முடியாதவர் கறைய தான் மறைப்பாரு. என்ன வேலை, என்ன மெட்டீரியல், எத்தன கோட்டு, எத்தன நாள்னு எழுத்துல வாங்கி, காச வேலை நகர நகர குடுங்க, கடைசி 5, 10 சதவீதத்த ஒரு மழை பாத்துட்டு குடுக்கறேன்னு ஆரம்பத்துலயே பேசிடுங்க. பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங் பண்ணா, டைல்ஸ் போடறதுக்கு முன்னாடி டிரெயின அடைச்சு தண்ணி கட்டி ஒரு நாளாவது விட்டு கீழ போய் சீலிங்க பாத்துட்டு தான் டைல்ஸ்க்கு ஓகே சொல்லணும், இந்த ஒரு ஸ்டெப்ப தான் எல்லாரும் அவசரத்துல விட்டுடுவாங்க. சுவத்த மூடறதுக்கு முன்னாடி பைப்பும் வயரும் எப்படி ஓடுதுன்னு டேப் வச்சு அளவோட போட்டோ எடுத்துக்கங்க, அடுத்த தடவ ஆணி அடிக்கறப்ப உபயோகமாகும்.

வாடகை வீட்டுக்கு மெட்டீரியல் வாங்கறப்ப அழக விட, மாத்த ஈசியா இருக்கறத பாருங்க. எல்லா வீட்டுக்கும் ஒரே மாடல் குழாய், ஒரே பெயிண்ட் ஷேடு, எக்ஸ்ட்ரா ஒரு பாக்ஸ் டைல்ஸ், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனி வால்வு. அந்த தனி வால்வு இல்லாத வீட்டுல ஒரு வாஷர் மாத்தணும்னா கூட பில்டிங் பூரா தண்ணிய நிறுத்தணும்.

இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு தெம்பா இருக்காதீங்க, திடீர்னு பைப்பு வெடிச்சா பெரும்பாலும் குடுப்பாங்க, மாசக்கணக்குல கசிஞ்சு கசிஞ்சு கெட்டதுக்கும் தேய்மானத்துக்கும் பொதுவா குடுக்க மாட்டாங்க. க்ளெய்ம் பண்றப்ப நீங்க ஒழுங்கா பராமரிச்சீங்களான்னு கேப்பாங்க, அதுக்கு தேதி போட்ட போட்டோ, பில்லு, எலெக்ட்ரீஷியன் ரிப்போர்ட்டு எல்லாம் ஒரே ஃபோல்டர்ல இருக்கட்டும். அதே ஃபோல்டர்ல மெயின் வால்வு எங்க இருக்கு, மெயின் சுவிட்ச் எங்க இருக்கு, யார கூப்பிடணும்னு ஒரு பக்கம் எழுதி, அதோட காப்பி ஒண்ண மீட்டர் பெட்டி கதவுக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு பைப்பு வெடிக்கறப்ப குடியிருக்கறவங்களே அத பாத்து தண்ணிய மூடிடுவாங்க.